எஞ்சின் மாற்றமும் ஓடோமீட்டர் திருத்தமும்

ஓடோமீட்டர் என்பது ஒரு வாகனம் தொடக்கம் முதல் ஓடிய மொத்தத் தொலைவைக் காட்டும் கருவியாகும். தமிழில் இது தொலைவுமானி எனவும் எழுதப்படுகிறது. பேச்சு வழக்கில் 'மீட்டர்' அல்லது 'கிலோமீட்டர்' என்றே சொல்வர். பழைய கார் வாங்கச் செல்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "வண்டி எவ்வளவு ஓடியிருக்கு?" என்பதுதான். காரின் விலை இந்த எண்ணைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது.

காரின் எஞ்சின் பழுதாகி வேறு எஞ்சின் பொருத்தப்படும்போது, ஓடோமீட்டரையும் சுழியத்துக்குக் கொண்டுவரலாமா என்ற ஐயம் பலருக்கு எழுகிறது. எஞ்சின் மாற்றம், மீட்டர் திருத்தம் ஆகிய இரண்டையும் சட்டம் ஒரே விதமாக நோக்கவில்லை. எஞ்சின் மாற்றத்துக்கு இந்தியச் சட்டத்தில் தெளிவான நடைமுறை உண்டு. மீட்டரைத் திருத்துவதற்கென்று தனிப் பிரிவு இல்லை. ஆயினும் திருத்திய மீட்டருடன் உண்மையை மறைத்துக் காரை விற்றால் அது ஏமாற்றுக் குற்றமாகும்.

வரலாறு

ஓடோமீட்டர் என்ற சொல் கிரேக்க மொழியில் பாதை, அளவு ஆகிய பொருள் தரும் இரு சொற்களிலிருந்து வந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலில் இத்தகைய கருவி ஒன்றை விளக்கியுள்ளார். நான்கு அடி விட்டமுள்ள வண்டிச் சக்கரம் 400 முறை சுழன்றால் 5,000 அடி, அதாவது ஓர் உரோமானிய மைல் கடந்ததாகக் கணக்கு. ஒவ்வொரு மைலுக்கும் பற்சக்கரங்கள் நகர்ந்து ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும். பயண முடிவில் கற்களை எண்ணித் தொலைவை அறிந்தனர். இன்றைய கருவியின் அடிப்படையும் இதுவே. சக்கரத்தின் சுழற்சியை எண்ணித் தொலைவாக மாற்றுவதே ஓடோமீட்டரின் வேலை.

இயங்கும் விதம்

பழைய கார்களில் கியர்பெட்டியின் வெளியீட்டுத் தண்டிலிருந்து ஒரு கேபிள் டாஷ்போர்டு வரை செல்லும். சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டு சுழலும்போது கேபிளும் சுழன்று, எண்கள் பொறித்த சிறு உருளைகளை நகர்த்தும். அக்காலக் கார்கள் பலவற்றில் ஐந்து இலக்கங்களே இருந்தன. ஆகவே 99,999க்குப் பின் மீட்டர் தானாகவே 00000 ஆகிவிடும்.

பின்னர் கேபிளுக்குப் பதிலாக உணரிகள் வந்தன. கியர்பெட்டியில் உள்ள வேக உணரி அல்லது சக்கரங்களில் உள்ள ஏ.பி.எஸ். உணரிகள் மின்துடிப்புகளை அனுப்புகின்றன. அவற்றை எண்ணிப் பெறும் தொலைவு, மீட்டர் பலகையில் உள்ள நினைவகச் சில்லில் சேமிக்கப்படுகிறது. பல கார்களில் இதே எண்ணின் படி எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியிலோ வேறு மின்னணுப் பெட்டியிலோ பதிவாகிறது.

இதிலிருந்து ஒரு முக்கிய உண்மை விளங்கும். ஓடோமீட்டர் எஞ்சினின் உழைப்பை அளப்பதில்லை. போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரம் எஞ்சின் ஓடிக்கொண்டே கார் நின்றிருந்தால் மீட்டரில் ஓர் எண்ணும் கூடாது. மாறாக, சரிவான சாலையில் நியூட்ரலில் கார் தானாக உருண்டால் மீட்டர் கூடும். எனவே மீட்டரில் உள்ள எண் எஞ்சினுக்கு உரியதன்று. முழு வாகனத்துக்கும் உரியது.

எஞ்சின் மாற்றப்படும் காரணங்கள்

பொதுவாக எண்ணெய் வற்றியோ, குளிர்விக்கும் நீர் குறைந்து சூடேறியோ, டைமிங் பெல்ட் அறுந்தோ எஞ்சின் கெடுகிறது. பழுதுபார்க்கும் செலவு அதிகமானால் உரிமையாளர்கள் வேறு எஞ்சினைப் பொருத்துகின்றனர்.

தாம்பரத்திலும் தென்சென்னைப் புறநகர்களிலும் வெள்ளம் இன்னொரு பெரிய காரணமாக உள்ளது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீட்டு வாசலில் நின்ற கார்கள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், பள்ளிக்கரணை, வேளச்சேரி பகுதிகளில் மீண்டும் நீர் புகுந்தது. நீரில் நின்ற காரை உடனே ஸ்டார்ட் செய்தால் நீர் சிலிண்டருக்குள் இழுக்கப்படும். காற்றைப் போல நீர் அமுங்காது. ஆகவே பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சின் பாழாகிறது. அதே வெள்ளத்தில் மீட்டர் பலகையும் மின்னணுப் பெட்டிகளும் கெடக்கூடும். இவ்வாறு ஒரே நேரத்தில் எஞ்சினும் மீட்டரும் மாற்றப்படும் கார்கள் உண்டு. இவற்றில் மீட்டர் எண் மாறுவதற்கு நேர்மையான காரணம் இருக்கிறது. எனினும் அதற்குரிய ஆவணம் இல்லையென்றால், பின்னாளில் வாங்குபவருக்கு அது மோசடியாகவே தோன்றும்.

மாற்று எஞ்சின் தயாரிப்பாளரிடமிருந்து புதிதாக வரலாம். அல்லது சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில், உடைக்கப்பட்ட வேறொரு காரிலிருந்து கழற்றியதாகவும் இருக்கலாம்.

மீட்டர் எண் மாற வேண்டுமா?

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். சேலையூரில் ஒருவரின் கார் 1,48,000 கி.மீ. ஓடிய நிலையில் எஞ்சின் கெடுகிறது. 60,000 கி.மீ. ஓடிய வேறொரு காரின் எஞ்சினை வாங்கிப் பொருத்துகிறார். அதன்பின் மேலும் 12,000 கி.மீ. ஓடுகிறது.

மீட்டரைத் தொடாமல் விட்டால் அது 1,60,000 எனக் காட்டும். காரின் உண்மையான ஓட்டம் அதுவே. எஞ்சினின் ஓட்டம் 72,000 கி.மீ. என்பதைச் சர்வீஸ் புத்தகத்தில் தனியே எழுதி வைத்தால் போதும்.

எஞ்சின் மாற்றிய அன்று மீட்டரைச் சுழியமாக்கினால் இப்போது அது 12,000 எனக் காட்டும். இந்த எண் காருக்கும் பொருந்தாது, எஞ்சினுக்கும் பொருந்தாது. எஞ்சினின் ஓட்டமான 60,000-ஐ மீட்டரில் ஏற்றியிருந்தால் 72,000 எனக் காட்டும். எஞ்சினைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பிரேக் குழாய்கள், சக்கர பேரிங்குகள், கியர்பெட்டி ஆகியவை 1,60,000 கி.மீ. தேய்ந்தவை என்பது மறைந்துவிடும்.

பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளது. டைமிங் பெல்ட், பிரேக் திரவம், சஸ்பென்ஷன் புஷ் முதலியவை குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை சோதிக்கவோ மாற்றவோ வேண்டியவை. மீட்டர் பொய் சொன்னால் அடுத்த உரிமையாளர் அவற்றைக் காலம் தாழ்த்தியே மாற்றுவார். ஜி.எஸ்.டி. சாலையில் வேகமாகச் செல்லும்போது பிரேக் குழாய் வெடித்தாலோ பெல்ட் அறுந்தாலோ, விலையில் ஏமாந்ததைவிடப் பெரிய இழப்பு நேரும்.

எஞ்சின் மாற்றம் பற்றிய சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றியது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றக்கூடாது என்பது இதன் அடிப்படை விதி. சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்கலம் போன்ற வேறு எரிபொருளுக்கு மாற்றும் கருவித்தொகுதியைப் பொருத்துவதற்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு.

பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்கள் வைத்திருப்பவருக்கு, அதே தயாரிப்பும் அதே வகையுமான எஞ்சினை முன் ஒப்புதலின்றி மாற்ற மாநில அரசு அறிவிக்கை மூலம் அனுமதி தரலாம். இத்தகைய மாற்றங்களை 14 நாட்களுக்குள் பதிவு அலுவலருக்குத் தெரிவித்து, சான்றிதழில் பதிய வேண்டும். ஒரு கார் மட்டும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்தச் சலுகை இல்லை. அவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலைப் பெறுவதே முறை. தாம்பரத்தின் பதிவுக் குறியீடு டி.என். 11, மீனம்பாக்கத்துக்கு டி.என். 22, சோழிங்கநல்லூருக்கு டி.என். 14. கடனில் வாங்கிய காராக இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ இசைவையும் பெற வேண்டும்.

கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது எனத் தீர்ப்பளித்தது. ஆகவே, அதே வகை எஞ்சினைப் பொருத்திப் புதிய எண்ணைப் பதிவு செய்வது வேறு, அதிகத் திறனுள்ள வேறு எஞ்சினைப் பொருத்துவது வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அனுமதியில்லாத மாற்றத்துக்கு 2019 திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

எஞ்சின் வாங்கிய ரசீது மிக முக்கியமானது. எஞ்சினில் பொறித்த எண் திருட்டுப்போன காருக்கு உரியதாக இருந்தால், திருட்டுப்பொருளை வைத்திருந்த குற்றச்சாட்டுக்கு உரிமையாளர் ஆளாக நேரிடும்.

ஓடோமீட்டர் பற்றிய சட்டநிலை

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 117-ஆம் விதி வாகனத்தில் வேகமானி இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் மொத்தத் தொலைவு எண்ணைக் குறைப்பதைத் தனிக் குற்றமாக அறிவிக்கும் பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. ஆர்.சி. புத்தகம் எனப்படும் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண், சேசிஸ் எண், நிறம், எரிபொருள் முதலியவை உண்டு. ஓடிய கிலோமீட்டர் இல்லை. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றின் நோக்கமும் உரிமையாளர் மாறியதைப் பதிவதே தவிர, ஓடிய தொலைவுக்குச் சான்று தருவதன்று.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. ஆட்டோ, டாக்சிகளில் உள்ள கட்டண மீட்டர் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதைத் தொழிலாளர் துறை அலுவலர்கள் சோதித்து முத்திரையிடுகின்றனர். சில ரூபாய்க் கட்டணத்தைக் கணக்கிடும் மீட்டருக்கு முத்திரை இருக்கிறது. பல இலட்சம் ரூபாய் விலையைத் தீர்மானிக்கும் ஓடோமீட்டருக்கு அத்தகைய முத்திரை கிடையாது.

தனிப் பிரிவு இல்லை என்பதால் திருத்துவது அனுமதிக்கப்பட்டது என்று பொருளாகாது. பின்வரும் பொதுச் சட்டங்கள் இங்கே பொருந்துகின்றன.

குற்றவியல் சட்டம்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு ஏமாற்றுதலைப் பற்றியது. நேர்மையற்ற முறையில் உண்மையை மறைப்பதும் ஏமாற்றுதலே என அதன் விளக்கம் கூறுகிறது. ஏமாற்றிப் பணத்தையோ பொருளையோ பெற்றால் ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அதற்கு முன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு இதே குற்றத்துக்கு உரியதாக இருந்தது. விற்பனைக்காகவே எண் குறைக்கப்படுகிறது எனத் தெரிந்து அதைச் செய்து கொடுத்தவரும் உடந்தையாகக் கருதப்படலாம்.

ஒப்பந்தச் சட்டம்: இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 17, 19 பிரிவுகளின்படி மோசடியால் பெறப்பட்ட சம்மதத்தின் பேரில் அமைந்த ஒப்பந்தத்தை ஏமாந்தவர் விலக்கிக்கொள்ளலாம். விற்பவர் வெறுமனே மௌனமாக இருந்த நிலையில், வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் உண்மையை அறிந்திருக்க முடியும் என்றால் இந்த உரிமை கிடைக்காமல் போகலாம். எனவே வாங்குபவரும் விழிப்புடன் இருக்க வேண்டும்.

நுகர்வோர் சட்டம்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகக் கூறி விற்பது முறையற்ற வணிக நடைமுறையாகும். இது வணிகர்களிடம் வாங்கிய காருக்கே எளிதில் பொருந்தும். அண்டை வீட்டுக்காரரிடமிருந்து நேரடியாக வாங்கியிருந்தால் உரிமையியல் நீதிமன்றத்தையோ காவல் துறையையோ நாட வேண்டியிருக்கும்.

காப்பீடு: எஞ்சின் எண் மாறியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பாலிசியில் திருத்தம் பெற வேண்டும். ஓடும் தொலைவுக்கேற்பப் பிரீமியம் செலுத்தும் கூடுதல் காப்பீட்டு வசதியை 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. இத்தகைய பாலிசியில் மீட்டர் எண்ணே பிரீமியத்துக்கு அடிப்படை. அதைத் திருத்துவது காப்பீட்டு நிறுவனத்தை ஏமாற்றுவதாகும்.

மீட்டரையே மாற்ற நேர்ந்தால்

மீட்டர் பலகை உண்மையாகவே கெட்டுப் புதியது பொருத்தப்படும்போது, பழைய எண்ணைப் புதியதில் ஏற்றுவதே சரியான முறை. அது இயலாவிட்டால் பின்வரும் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும்.

• பழைய மீட்டரில் இருந்த எண், மாற்றிய தேதி ஆகியவை எழுதப்பட்ட பணிமனை ரசீது
• மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த மீட்டர் புகைப்படங்கள்
• பழைய, புதிய எஞ்சின் எண்களும் புதிய எஞ்சினின் ரசீதும்
• காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்த கடிதத்தின் நகல்

காரை விற்கும்போது இவற்றை வாங்குபவரிடம் காட்டி, டெலிவரி நோட்டிலும் எழுதிக் கையொப்பம் பெற்றால் இருவருக்கும் பாதுகாப்பு.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 1972-இல் கூட்டரசுச் சட்டமே இதற்கென இயற்றப்பட்டது. ஏமாற்றும் நோக்கில் ஓடோமீட்டரைத் துண்டிப்பதும் எண்ணை மாற்றுவதும் அங்கே குற்றம். கருவியைப் பழுதுபார்த்தபின் பழைய எண்ணை வைக்க இயலாவிட்டால், அதைச் சுழியமாக்கி, பழைய எண்ணையும் தேதியையும் எழுதிய அறிவிப்பை இடப்புறக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். எஞ்சின் மாற்றம் எண்ணைக் குறைப்பதற்கான காரணமாக ஏற்கப்படுவதில்லை. 1987-இல் கிரைஸ்லர் நிறுவனம் ஓடோமீட்டரைத் துண்டித்துவிட்டு அலுவலர்கள் ஓட்டிய கார்களைப் புதியவையென விற்றதாக வழக்கில் சிக்கிப் பெரும் அவப்பெயர் பெற்றது.

ஜெர்மனியில் 2005 முதல் எண்ணைத் திருத்துவதே குற்றம். ஓர் ஆண்டு வரை சிறை உண்டு. பெல்ஜியத்தில் 2006 முதல் பழைய கார் விற்கும்போது, ஒவ்வொரு சர்வீஸின்போதும் பதிவான கிலோமீட்டர்களைக் காட்டும் 'கார் பாஸ்' சான்றிதழ் கட்டாயம். பிரிட்டனில் எண்ணை மாற்றுவது தன்னளவில் குற்றமில்லை. அதை மறைத்து விற்பதே குற்றம். இந்தியாவின் நிலை பிரிட்டனுக்கு நெருக்கமானது.

இந்தியாவிலும் சிறு முன்னேற்றம் உண்டு. 2022 டிசம்பரில் வெளியான விதித் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி பழைய கார் வணிகர்கள் அங்கீகாரம் பெற வேண்டும். அவர்கள் வசம் உள்ள கார் ஒவ்வொரு முறை வெளியே செல்லும்போதும் நோக்கம், ஓட்டுநர், நேரம், ஓடிய தொலைவு ஆகியவற்றை மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரையிலும், தாம்பரம்–வேளச்சேரி சாலையிலும் பழைய கார் விற்பனையிடங்கள் பல உள்ளன. இங்கு வரும் கார்களில் 'டி போர்டு' எனப்படும் வாடகை வண்டியாக விமான நிலையத்துக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் ஓடிப் பின்னர் 'ஓன் போர்டு' ஆக மாற்றப்பட்டவையும் இருக்கலாம். நாளொன்றுக்கு 200 கி.மீ. வீதம் ஆண்டில் 300 நாள் ஓடினால் 60,000 கி.மீ. ஆகிறது. நான்கு ஆண்டு ஓடிய அத்தகைய காரின் மீட்டர் 45,000 எனக் காட்டினால் ஐயப்பட வேண்டும்.

எஞ்சினில் பொறித்துள்ள எண்ணையும் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணையும் ஒப்பிட வேண்டும். எம்பரிவாகன் செயலியிலும் பதிவு விவரங்களைக் காணலாம். நிறுவன சர்வீஸ் மையத்தில் பதிவெண்ணைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் விவரங்களை உரிமையாளர் மூலம் பெறலாம். ஒவ்வொரு ஜாப் கார்டிலும் அன்றைய கிலோமீட்டர் இருக்கும். ஒரு தேதியில் 90,000 என்றும் அடுத்த ஆண்டில் 50,000 என்றும் இருந்தால் வேறு சான்று தேவையில்லை.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 எனில் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். 20,000 கி.மீ. ஓடியதாகச் சொல்லப்படும் காரில் நான்கு டயரும் காரைவிட மிகப் பிந்தியவையாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் உறை, ஓட்டுநர் இருக்கை ஆகியவற்றின் தேய்மானமும் சான்றாகும். தெரிந்த மெக்கானிக்கிடம் ஸ்கேனர் கருவி இருந்தால், மீட்டர் பலகையில் உள்ள எண்ணையும் பிற மின்னணுப் பெட்டிகளில் உள்ள எண்ணையும் ஒப்பிடச் செய்யலாம்.

புகார் அளித்தல்

ஏமாற்றம் தெரியவந்தால் முதலில் விற்றவருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். வணிகர்மீது, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். தாம்பரம் வாசிகளுக்கு அது செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 50 இலட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 இலட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. குற்றவியல் புகாரைத் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்துக்கு உட்பட்ட காவல் நிலையத்தில் அளிக்கலாம். சர்வீஸ் பதிவுகள், டெலிவரி நோட், விளம்பரத்தில் குறிப்பிட்டிருந்த கிலோமீட்டரின் படம், பணம் செலுத்திய சான்று ஆகியவையே இத்தகைய வழக்குகளில் பயன்படும். ஆகவே காரை வாங்கும் நாளிலேயே அவற்றைச் சேகரித்து வைப்பது நல்லது.